கோக்கும் நூல்களை அறுப்பது: கைப்பேசியிலும் கணினியிலும் தனியுரிமை

நண்பரோடு ஒரு பொருளைப் பற்றிப் பேசிவிட்டுக் கைப்பேசியை எடுத்தால் அதே பொருளின் விளம்பரம் வந்து நிற்கிறது என்றும், ஆகவே கைப்பேசி நம் பேச்சை எந்நேரமும் ஒட்டுக்கேட்கிறது என்றும் ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து இந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். பயனருக்குத் தெரியாமல் மைக்கைத் திறந்து பேச்சை வெளியே அனுப்பியதற்கான சான்று எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. திரையில் நடப்பதைப் பதிவுசெய்து வேறு நிறுவனங்களுக்கு அனுப்பிய செயலிகள் சில மட்டும் அகப்பட்டன. அது வேறு கவலை.

அப்படியானால் அந்த விளம்பரம் எப்படி வந்தது? நண்பர் அந்தப் பொருளை முந்தைய நாள் தேடியிருக்கலாம். உங்கள் எண் அவருடைய தொடர்புப் பட்டியலில் இருக்கிறது. இரு கைப்பேசிகளும் ஒரே வைஃபையில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருந்தன. இருவரும் ஒத்த வயதினர், ஒத்த ரசனை உடையவர்கள். இவ்வளவும் தெரிந்த ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் பேச்சைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. சொல்லப்போனால், பல மணி நேர ஒலியைப் பதிவுசெய்து அனுப்பிப் பொருள் காண்பதைவிட இது அவர்களுக்கு மிகவும் மலிவான வழி.

தனியுரிமை பற்றி நான் சொல்ல விரும்புவது இதிலிருந்தே தொடங்குகிறது. நம்மிடமிருந்து நாள்தோறும் உதிரும் தகவல் துணுக்குகள் தனித்தனியே பெரும்பாலும் தீங்கற்றவை. அவற்றையெல்லாம் ஒரே ஆளுடையவை என்று கோக்கும் நூல்கள்தான் அவற்றுக்கு விலையைத் தருகின்றன. விளம்பர ஐடி, தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, இணையத்தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கி, நண்பர்களின் தொடர்புப் பட்டியல் ஆகியவை அத்தகைய நூல்கள். ஆகவே யாராவது ஒரு தனியுரிமை ஆலோசனையைச் சொன்னால், 'இது எந்த நூலை அறுக்கிறது?' என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பரவலாகச் சொல்லப்படும் ஆலோசனைகளில் பல, மடிக்கணினியின் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவது உட்பட, இந்தக் கேள்விக்கு முன் நிற்பதில்லை. (ஸ்டிக்கர் ஒட்டுவதில் தவறில்லை, அது வேறொரு அச்சத்துக்கான மருந்து.)

பெயரை நீக்கிவிட்டால் போதும், தரவு யாருடையது என்று தெரியாது என்னும் வாதத்தை நிறுவனங்கள் விடாமல் சொல்லி வருகின்றன. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 15 லட்சம் பேரின் பெயர் நீக்கப்பட்ட கைப்பேசி இருப்பிடத் தரவை எடுத்துக்கொண்டு, ஒருவர் எந்த நேரத்தில் எந்தப் பகுதியில் இருந்தார் என்னும் நான்கு புள்ளிகள் தெரிந்தாலே 95 விழுக்காட்டினரைத் தனித்து இனங்காண முடியும் என்று காட்டியது. இரவில் தங்கும் இடம், பகலில் வேலை செய்யும் இடம் என இரண்டு புள்ளிகளை அநேகமாக எல்லோரும் தினமும் தாமாகவே கொடுத்துவிடுகிறோம். மீதி இரண்டுக்கு ஒரு வார இறுதி போதும்.

முதலில் அறுக்க வேண்டியதும், அறுப்பதற்கு மிக எளிதானதும் விளம்பர ஐடிதான். ஒவ்வொரு கைப்பேசிக்கும் இயங்குதளமே ஒரு நீண்ட எண்ணைக் கொடுத்து, எல்லாச் செயலிகளும் அதைப் படிக்கும்படி வைத்திருந்தது. வானிலைச் செயலி உங்கள் இருப்பிடத்தையும், விளையாட்டுச் செயலி நீங்கள் விழித்திருக்கும் நேரத்தையும், கடைச் செயலி நீங்கள் வாங்குவதையும் இதே எண்ணோடு சேர்த்து அனுப்பினால், அவற்றை வாங்கும் இடைத்தரகருக்கு மூன்றையும் இணைப்பது மிக எளிய வேலை. ஐபோனில் 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், ஒரு செயலி இந்த எண்ணைப் படிப்பதற்கு முன் உங்கள் ஒப்புதலைக் கேட்டாக வேண்டும். தனியுரிமை அமைப்புகளில் உள்ள 'டிராக்கிங்' பகுதிக்குச் சென்று, கேட்பதையே தடுத்துவிடலாம். ஆண்ட்ராய்டில் இது தானாக நடக்காது. அமைப்புகளில் தனியுரிமைக்குள் விளம்பரங்கள் என்னும் பகுதியைத் தேடிப்பிடித்து விளம்பர ஐடியை நீக்கிவிட வேண்டும். நீக்கியபின் அந்த எண்ணைக் கேட்கும் செயலிக்கு வெறும் பூஜ்ஜியங்களே கிடைக்கும். ஒரு நிமிட வேலை. இழப்பு எதுவும் இல்லை. விளம்பரங்கள் சற்றுப் பொருத்தமற்றவையாக வரும், அவ்வளவுதான்.

இருப்பிடத்துக்குச் சற்றுக் கூடுதலான கவனம் தேவை. ஆண்ட்ராய்டு 12 முதல் 'பிரைவசி டாஷ்போர்டு' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அமைப்புகளில் தனியுரிமைக்குள் சென்றால் அது கிடைக்கும். கடந்த 24 மணி நேரத்தில் கேமராவையும் மைக்கையும் இருப்பிடத்தையும் எந்தச் செயலி எப்போது தொட்டது என்பதை அது நேரவாரியாகக் காட்டும். பிந்தைய பதிப்புகளில் ஏழு நாள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். ஐபோனிலும் செயலிகளின் தனியுரிமை அறிக்கை என்று இதற்கு இணையான ஒன்று உண்டு. எந்தச் செயலி எந்தெந்த இணைய முகவரிகளோடு தொடர்புகொண்டது என்பதையும் அது சேர்த்துக் காட்டும். இந்தப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படிப்பது, தனியுரிமை பற்றிய பத்துக் கட்டுரைகளைப் படிப்பதைவிடப் பயனுள்ளது என்பேன். எனக்கு அதில் வழிகாட்டும் வரைபடச் செயலி தென்பட்டபோது வியப்பு ஏற்படவில்லை. ஆனால் பாட்டுக் கேட்பதற்காக மட்டும் வைத்திருந்த செயலி ஒன்று, நான் அதைத் திறக்காத பின்னிரவு நேரத்திலும் இருப்பிடத்தைக் கேட்டிருந்தது. அதற்கு என்ன காரணம் இருக்கக்கூடும் என்று யோசிக்கவே தேவையில்லை. அனுமதியை நீக்கினேன், பாட்டு முன்போலவே பாடுகிறது.

பொதுவாக நான் பின்பற்றும் முறை இது: வழிகாட்டும் செயலிக்கும் வண்டி அழைக்கும் செயலிக்கும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்ற அளவில் துல்லியமான இருப்பிடம், வானிலைக்குத் தோராயமான இருப்பிடம், மற்ற எதற்கும் இல்லை. 'எப்போதும் அனுமதி' என்பதை நியாயப்படுத்தும் செயலிகள் மிகச் சில. தோராயமான இருப்பிடம் என்னும் வசதியைப் பலர் கவனிப்பதில்லை. மழை வருமா என்று அறிய ஊரின் பெயர் போதும், தெருவும் கதவும் வேண்டியதில்லை. பெயர் இல்லாத இருப்பிடமும் தீங்கற்றதாக இருப்பதில்லை என்பதற்கு ஸ்ட்ராவா நல்ல எடுத்துக்காட்டு. உடற்பயிற்சியைப் பதிவுசெய்யும் அந்தச் செயலி, பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் திரட்டி 2017 இறுதியில் ஓர் உலக வரைபடமாக வெளியிட்டது. அதில் ஒரு பெயர்கூட இல்லை. ஆயினும் பாலைவனங்களின் நடுவே ஒளிர்ந்த சின்னச் சின்னச் சுற்றுப்பாதைகள், படைவீரர்கள் காலையில் ஓடும் முகாம்களைக் காட்டிக்கொடுத்ததை 2018 ஜனவரியில் பலரும் கண்டுகொண்டார்கள்.

புகைப்படங்களும் இருப்பிடத்தைச் சுமந்து செல்கின்றன. கேமரா செயலிக்கு இருப்பிட அனுமதி இருந்தால், ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் எடுத்த நேரம், கைப்பேசியின் வகை ஆகியவற்றோடு அட்சரேகை, தீர்க்கரேகையும் எழுதப்படும். இதை எக்ஸிஃப் தகவல் என்பார்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளால் புகழ்பெற்று, 2012இல் தலைமறைவாக இருந்த ஜான் மெக்காஃபியின் படத்தை ஒரு பத்திரிகை இணையத்தில் வெளியிட்டபோது, அதில் ஒட்டியிருந்த எக்ஸிஃப் தகவலே அவர் குவாத்தமாலாவில் இருப்பதை வெளிப்படுத்தியது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் நீங்கிவிடுகிறது. தரம் குறையக்கூடாது என்று அதையே கோப்பாக, அதாவது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேர்கிறது. மின்னஞ்சலில் இணைத்தாலும் அப்படித்தான். விற்பனைக்கு வைக்கும் பொருளை வீட்டில் படமெடுத்து முன்பின் தெரியாதவருக்கு அனுப்பும்போது இது நினைவில் இருக்க வேண்டும். கேமராவின் இருப்பிட அனுமதியையே நீக்கிவிடுவது எளிய வழி. பயணப் படங்களில் இடம் பதிவாக வேண்டும் என்பவர்கள் அனுப்பும்போது மட்டும் நீக்கலாம். ஐபோனில் படத்தைப் பகிரும் திரையின் மேற்பகுதியிலேயே அதற்கான தெரிவு உள்ளது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியில் ஒரேயொரு படத்தை ஏற்ற வேண்டியதற்காக முழுப் புகைப்படத் தொகுப்பையும் திறந்துவிட வேண்டிய காலம் போய்விட்டது. இரு தளங்களிலும் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டும் வசதி வந்துவிட்டது. அந்தத் தெரிவு தோன்றும்போது அவசரத்தில் 'எல்லாம்' என்பதைத் தொடாமல் இருந்தால் போதும்.

தொடர்புப் பட்டியல் அனுமதி பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இருப்பிடத்தைக் கொடுத்தால் நான் என்னுடையதைக் கொடுக்கிறேன். தொடர்புப் பட்டியலைக் கொடுத்தால் என்னிடம் எண் தந்த அத்தனை பேருடையதையும் அவர்களைக் கேட்காமல் கொடுக்கிறேன். மருத்துவர், வழக்கறிஞர், பழைய மேலாளர், வீட்டு வேலைக்கு வருபவர் என அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார் யார் என்பதே என் வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். ஒரு செயலியில் கணக்கே தொடங்காதவருடைய எண்ணும் பெயரும்கூட, அவரை அறிந்த நாற்பது பேர் தங்கள் பட்டியலை ஏற்றிவிட்டால், அந்த நிறுவனத்திடம் சேர்ந்துவிடுகின்றன. அவர் நடுவில் இருக்கும் உறவு வலையும் கூடவே சேர்கிறது. அரசியல் பிரசாரங்களுக்கு ஆலோசனை தந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா நிறுவனத்தை முன்வைத்து 2018இல் வெடித்த விவகாரத்திலும் இதுவே நடந்தது. ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் வந்த ஒரு ஃபேஸ்புக் செயலியை நிறுவியவர்கள் ஏறக்குறைய 2,70,000 பேர். நண்பர்களின் தகவலையும் அது அள்ள முடிந்ததால் பாதிக்கப்பட்டவர்கள் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே கணக்குச் சொன்னது.

ஆகவே, அழைப்புக்கும் செய்திக்கும் உரிய செயலி தவிர வேறெதற்கும் இந்த அனுமதியைத் தருவதில்லை. 'உங்கள் நண்பர்களைக் கண்டறியுங்கள்' என்று எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் சரி. 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் ஐபோனில் குறிப்பிட்ட சிலரை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டலாம். பெயர்களுக்கு எதிரே குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: வங்கி பின் எண், வீட்டு முகவரி, பிறந்த நாள் என்று அங்கே எழுதிவைப்பவையும் ஆண்ட்ராய்டில் 'தொடர்புகள்' என்னும் அதே அனுமதிக்குள் வருகின்றன.

இனி நூல்களில் வலுவானதற்கு வருவோம். அது தொலைபேசி எண். விளம்பர ஐடியை நீக்கலாம், குக்கியை அழிக்கலாம், ஆனால் எண்ணைப் பத்தாண்டுகளாக மாற்றாமல் வைத்திருக்கிறோம். கடைப் பில்லிலும், மருத்துவமனைச் சீட்டிலும், வங்கியிலும், பாதி மறந்துபோன செயலிகளிலும் அதே எண்தான் இருக்கிறது. விளம்பர உலகம் இதை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கடை தன் வாடிக்கையாளர்களின் எண்களை ஒரு சமூக ஊடகத்துக்கு அனுப்பி, 'இவர்களுக்கு என் விளம்பரத்தைக் காட்டு' என்று கேட்கலாம். எண்ணை அப்படியே அனுப்புவதில்லை, ஹேஷ் செய்து, அதாவது கணக்கு ஒன்றின் வழியே அடையாளம் தெரியாத எழுத்துக்கோவையாக மாற்றி அனுப்புகிறோம், ஆகவே பாதுகாப்பானது என்பார்கள். ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே எழுத்துக்கோவைதான் வரும் என்பதால், இரு தரப்பும் தத்தம் பட்டியலை இப்படி மாற்றி ஒப்பிட்டால் பொருந்துபவர் யார் என்பது தெரிந்துவிடும். பொருத்தம் பார்ப்பதற்கென்றே செய்யப்படும் ஒன்றை மறைப்பு என்று சொல்வது பொருந்தாது. தவிர, பத்து இலக்க எண்கள் மொத்தமே 1,000 கோடிதான்; அத்தனைக்கும் முன்கூட்டியே ஹேஷ் கணக்கிட்டு வைத்துக்கொள்வது இன்றைய கணினிகளுக்குச் சிறு வேலை. அந்த அட்டவணை இருந்தால் எழுத்துக்கோவையிலிருந்து எண்ணுக்குத் திரும்பிவிடலாம்.

பாதுகாப்புக்காகக் கொடுத்த எண்ணும் இதற்கு விலக்காக இருந்ததில்லை. கணக்கைப் பாதுகாப்பதற்கென்று பயனர்கள் கொடுத்த எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 2022இல் ட்விட்டர் நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 15 கோடி டாலர் அபராதம் செலுத்த உடன்பட்டது.

எண்ணைக் கொடுக்காமல் வாழ முடியாது என்பது உண்மை. ஆனால் கட்டாயமற்ற இடங்களில் மறுக்கலாம். பில் போடும்போது எண் கேட்டால் 'வேண்டாம்' என்று சொன்னால் பெரும்பாலும் பில் வந்துவிடும். இணையத்தில் நட்சத்திரக் குறி இல்லாத கட்டங்களைக் காலியாக விடலாம். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுவது பள்ளிக்கூடத்தோடு முடிந்திருக்க வேண்டிய பழக்கம்.

மின்னஞ்சலில் நமக்கு இன்னும் அதிக இடம் இருக்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி முகவரி கொடுத்து, எல்லாம் ஒரே பெட்டிக்கு வந்து சேரும்படி செய்யும் மாற்று முகவரிச் சேவைகள் உள்ளன. ஆப்பிளின் 'ஹைட் மை ஈமெயில்', 'ஃபயர்ஃபாக்ஸ் ரிலே', 'சிம்பிள்லாகின்', 'டக்டக்கோ'வின் மின்னஞ்சல் சேவை ஆகியவை அந்த வகை. இதில் இரு பயன்கள். இரு கடைகளின் பட்டியலை ஒப்பிட்டால் நீங்கள் இருவராகத் தெரிவீர்கள், பொருத்தம் கிடைக்காது. அடுத்து, ஒரு முகவரிக்குச் சம்பந்தமில்லாத குப்பை அஞ்சல் வரத் தொடங்கினால் யாரிடமிருந்து கசிந்தது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும், அந்த முகவரியை மட்டும் மூடிவிடலாம். ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி சேர்த்து முகவரியை மாற்றும் உத்தியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அஞ்சலை வகைப்படுத்த அது உதவும், தனியுரிமைக்கு உதவாது. கூட்டல் குறியையும் அதன் பின்னுள்ளதையும் வெட்டினால் அசல் முகவரி கிடைத்துவிடும் என்பது பொருத்தம் பார்க்கும் நிரல்களுக்கும் தெரியும்.

கணினிக்கு வந்தால், கவனம் முழுவதும் உலாவியின்மேல் இருக்க வேண்டும். குக்கியை 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி உருவாக்கியபோது, ஒரு தளம் தன்னிடம் திரும்பி வந்தவரை நினைவில் வைத்துக்கொள்வதே நோக்கமாக இருந்தது. பக்கத்துக்குள் செருகப்படும் வேறு நிறுவனத்தின் விளம்பரமும் குக்கி வைக்கலாம் என்றானபோது, ஆயிரம் தளங்களில் விளம்பரம் வைத்திருக்கும் ஒருவர் ஆயிரம் தளங்களிலும் உங்களை ஒரே ஆளாகக் காண முடிந்தது. சஃபாரி 2020இல் இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கிகளை முற்றாகத் தடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்தது. குரோம் 2020இல் நிறுத்தப்போவதாக அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பரத்தால் பெரும் வருவாய் ஈட்டும் கூகுளே இந்த உலாவியையும் தயாரிக்கும்போது இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். குரோமை விட மனமில்லாதவர்கள் அமைப்புகளுக்குச் சென்று மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தாமே தடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான தளங்கள் குறையின்றி இயங்கும்.

நான் பரிந்துரைப்பது இரண்டு உலாவிகள். ஒன்றில் வங்கி, மின்னஞ்சல், சமூக ஊடகம் போன்ற உள்நுழைந்து பயன்படுத்தும் கணக்குகள். மற்றொன்றில் தேடுவதும் படிப்பதும் மட்டும், எந்தக் கணக்கிலும் நுழையாமல். இந்த ஒரு பிரிவினை, உங்கள் பெயரையும் நீங்கள் படிக்கும் நோய்க் குறிப்புகளையும் இணைக்கும் முக்கியமான நூலை அறுத்துவிடுகிறது. இரண்டாவது உலாவியில், விளம்பரங்களையும் கண்காணிப்பு நிரல்களையும் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் என்னும் நீட்சியை, அதாவது உலாவியோடு சேர்க்கும் சிறு நிரலை, சேர்க்கலாம். அதன் முழு வடிவம் ஃபயர்ஃபாக்ஸில் கிடைக்கும். நீட்சிகளை அதற்குமேல் கூட்ட வேண்டாம். 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும் நீட்சி, நீங்கள் வங்கித் தளத்தில் பார்ப்பதையும் பார்க்கிறது என்பதே பொருள். நல்ல நீட்சியாக இருந்து, பிறகு வேறொருவருக்கு விற்கப்பட்டு, அடுத்த புதுப்பிப்பில் உளவு நிரலாக மாறியவை பல உண்டு.

குக்கி இல்லாமலும் உலாவியை அடையாளம் காண முடியும். திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், மொழி, கிராபிக்ஸ் அட்டை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் உலாவி தனித்துத் தெரியலாம். இணைய உரிமைகளுக்காகப் பணியாற்றும் இஎஃப்எஃப் அமைப்பு 2010இல் செய்த சோதனையில், வந்து பார்த்த உலாவிகளில் 83.6 விழுக்காடு தனித்த கைரேகை உடையவையாக இருந்தன. 'கவர் யுவர் டிராக்ஸ்' என்னும் அவர்களுடைய பக்கத்தில் உங்கள் உலாவியையும் சோதிக்கலாம். இந்த நூலை முழுமையாக அறுப்பது கடினம். எல்லோரையும் ஒரே மாதிரி தோன்றச் செய்யும் டோர் உலாவி அதற்கு முயல்கிறது, ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கு அது மெதுவானது. நான் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை.

இணைப்புகளைப் பகிரும்போது ஒரு சின்ன வேலை. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் நீண்ட எழுத்துக்கோவை பெரும்பாலும், அந்த இணைப்பை யார் எங்கிருந்து எடுத்தார் என்னும் குறிப்பு. அதை நண்பருக்கு அனுப்பி, அவர் திறந்தால், நீங்கள் இருவரும் அறிந்தவர்கள் என்பது பதிவாகலாம். கேள்விக்குறியிலிருந்து வெட்டிவிட்டு, பக்கம் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்து அனுப்பினால் தீர்ந்தது. சில தளங்களில் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் பக்கத்தின் எண்ணே இருக்கும் என்பதால் திறந்து பார்ப்பது அவசியம்.

அறுப்பதாக எண்ணிக்கொண்டு நாம் பயன்படுத்தும் சிலவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். குரோம் உலாவியின் இன்காக்னிட்டோ சாளரம் அந்தக் கணினியில் வரலாற்றை விட்டுவைக்காது; அதே கணினியைப் பயன்படுத்தும் மற்றவரிடமிருந்து மறைக்க அது நல்லது. தளங்களிடமிருந்தும் இணைய நிறுவனத்திடமிருந்தும் அது மறைப்பதில்லை. இதைக் குறித்து 2020இல் கூகுள்மீது தொடுக்கப்பட்ட வழக்கு, இன்காக்னிட்டோவில் திரட்டிய கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதாக 2024இல் உடன்பாட்டில் முடிந்தது.

நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை விபிஎன். அதன் விளம்பரங்கள் சொல்வதை நம்பினால் அது இல்லாமல் இணையத்தில் கால் வைக்கவே கூடாது. உண்மையில் அது செய்வது, நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்னும் செய்தியை உங்கள் இணைய நிறுவனத்திடமிருந்து எடுத்து விபிஎன் நிறுவனத்திடம் கொடுப்பதுதான். பின்னவர் முன்னவரைவிட நம்பத்தக்கவர் என்றால் பயன் உண்டு. ஆனால் விபிஎன் வழியாகச் சென்று உங்கள் கணக்கில் உள்நுழைந்தால் நீங்கள் நீங்களேதான். 2013இல் ஃபேஸ்புக் வாங்கிய ஓனாவோ என்னும் இலவச விபிஎன், பயனர்கள் வேறு எந்தச் செயலிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதை அந்த நிறுவனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது; 2018இல் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து அது நீக்கப்பட்டது. பாதுகாப்பு மென்பொருள்களும் இதற்கு விலக்கல்ல. அவாஸ்ட் என்னும் வைரஸ் தடுப்பு நிறுவனம் தன் பயனர்களின் உலாவல் தரவை ஒரு துணை நிறுவனம் வழியாக விற்றது 2020இல் வெளியாகி, 2024இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டியதாயிற்று. இலவசமாகக் காவல் காக்க வருபவருக்கு யார் சம்பளம் தருகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

செய்திச் செயலிகளைப் பொறுத்தவரை, 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி மறையாக்கம் செய்யப்படுகின்றன. ஆனால் கிளவுடில் சேரும் காப்புப் பிரதிக்கு அந்த மறையாக்கம் 2021இல்தான் வந்தது, அதையும் நாமே அமைப்புகளில் இயக்க வேண்டும். நீங்கள் இயக்கி உங்கள் நண்பர் இயக்காவிட்டால் உங்கள் உரையாடலின் ஒரு பிரதி அவர் பக்கம் கிடக்கும். யாரோடு எப்போது தொடர்புகொண்டீர்கள் என்னும் விவரம் இதற்கு வெளியே நிற்கிறது. அதையும் குறைக்க வேண்டுமானால் சிக்னல் என்னும் செய்திச் செயலிதான். 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று வந்தபோது சிக்னலை நடத்துபவர்களால் கொடுக்க முடிந்தவை, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. 2024 முதல் எண்ணைக் காட்டாமல் பயனர் பெயரைக் கொண்டே அங்கே உரையாடலாம்.

கடவுச்சொற்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை: பிட்வார்டன் போன்ற ஒரு கடவுச்சொல் மேலாளர், தளத்துக்கு ஒன்றாகத் தானே உருவாக்கும் நீண்ட சொற்கள், அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைக் காட்டும் அத்தென்டிகேட்டர் செயலியைத் தேர்வுசெய்யுங்கள். சிம்மைக் கைப்பற்றும் மோசடிக்கு அது இடம் தராது. தொலைபேசி எண்ணையும் கொடுக்க வேண்டியிருக்காது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் சாதனத்தில் உள்ள சாவியைக் கொண்டு உள்நுழையும் பாஸ்கீ வசதி உள்ள தளங்களில் அது இன்னும் மேல். ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு சாவி உருவாவதால் இரு தளங்கள் ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவான எதுவும் அதில் இல்லை.

பழைய சாதனத்தைக் கைமாற்றும் நேரம் வருகிறது. இன்றைய கைப்பேசிகளில் சேமிப்பகம் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் சாவி அழிந்து தரவு பயனற்றதாகிறது. மெமரி கார்டு இருந்தால் அதைக் கழற்றிக்கொள்ளுங்கள். மீட்டமைப்பு பொதுவாக அதைத் தொடாது. அத்தென்டிகேட்டர் எண்களைப் புதிய கைப்பேசிக்கு மாற்றிய பிறகே மீட்டமைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள். கணினியில் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் வசதியை, விண்டோஸ் என்றால் பிட்லாக்கரையும், மேக் என்றால் ஃபைல்வால்ட்டையும், வாங்கிய முதல் நாளே இயக்கிவிடுவது நல்லது. மறையாக்கம் இல்லாத வட்டில் கோப்புகளை அழித்தாலும் மீட்பு மென்பொருளால் பல நேரங்களில் அவற்றைத் திரும்ப எடுக்க முடியும்.

சாதனத்தைவிட எண்ணைக் கைவிடும்போதுதான் அதிகம் கவனிக்க வேண்டும். நீங்கள் விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கும். உங்கள் கணக்கில் அந்த எண் இன்னும் இருந்தால், கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகச் சொல்லும் எவருக்கும் அனுப்பப்படும் ஓடிபி இனி அவரிடம் போகும். ஆகவே சிம்மை முடக்குவதற்கு முன் வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப், கடைகள் என்று ஒவ்வொன்றாகச் சென்று எண்ணை மாற்றுங்கள். இனி தேவைப்படாத கணக்குகளை, எண்ணை மாற்றுவதற்குப் பதில், அப்படியே நீக்கிவிடுங்கள். எந்தெந்தக் கணக்குகள் என்பது நினைவில் இல்லை என்றால், பழைய எஸ்எம்எஸ் பெட்டியில் 'ஓடிபி' என்று தேடிப் பார்த்தால் பட்டியல் கிடைத்துவிடும்.